பதினஞ்சு வருஷம் கழிச்சு திரும்ப பறக்கணுமா? மூணாம் கிளாஸ் மெடிக்கல், பேசிக்மெட், டிரைவிங் லைசென்ஸ்: எது யாருக்கு

அமெரிக்கா வந்த புதுசுல, கல்யாணத்துக்கு முன்னாடி, கையில கொஞ்சம் காசும் சனி ஞாயிறும் சும்மா கிடந்த காலத்துல பிரைவேட் பைலட் லைசென்ஸ் எடுத்த நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க. அப்புறம் குழந்தை, வீட்டு லோன், ஊர்ல அப்பாவுக்கு ஆபரேஷன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்து லாக்புக் (பறந்த கணக்கு எழுதற நோட்டு) அலமாரில பாஸ்போர்ட் ஃபைலுக்கு அடில போயிடும். என் கதையும் அதேதான். 2009 மார்ச்ல சான் ஹோசே ரீட்-ஹில்வியூ ஏர்போர்ட்ல லைசென்ஸ் வாங்கினேன், 2010 ஜூலைல கடைசியா பறந்தேன், அதுக்கடுத்து பறந்தது 2025 நவம்பர்ல. இப்ப எனக்கு 47. நான் திரும்பப் பறக்கறேன்னு தெரிஞ்சதுல இருந்து தெரிஞ்சவங்க எல்லாம் ஒரே கேள்விதான், "என் லைசென்ஸ் லாப்ஸ் ஆயிடுச்சு, ரினியூ பண்ண என்ன செய்யணும், மெடிக்கல் எடுக்கணுமா, பேசிக்மெட் போதுமா, இப்ப டிரைவிங் லைசென்ஸே போதும்னு ஏதோ வந்திருக்காமே?" ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு மணி நேரம் போன்ல பேசறதுக்கு இதை எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

## முதல்ல ஒண்ணு, உங்க லைசென்ஸ் லாப்ஸே ஆகல

எஃப்ஏஏ (அமெரிக்க விமானத் துறை அமைப்பு) குடுக்கற பிரைவேட் பைலட் சர்டிஃபிகேட்டுக்கு காலாவதி தேதியே கிடையாது. அந்த பிளாஸ்டிக் கார்டு ஆயுசுக்கும் உங்களோடதுதான். லாப்ஸ் ஆனது ரெண்டு விஷயம். ஒண்ணு மெடிக்கல், அதாவது பறக்க உடம்பு சரியா இருக்குன்னு ஒரு சான்று. இன்னொண்ணு 24 மாசத்துக்கு ஒருக்கா இன்ஸ்ட்ரக்டரோட பண்ண வேண்டிய ஃப்ளைட் ரிவ்யூ. இதனால திரும்ப எழுத்துப் பரீட்சை கிடையாது, செக்ரைட் (பறந்து காட்டற பரீட்சை) கிடையாது, எக்ஸாமினர் முன்னாடி வேர்த்து வழிய வேண்டியதும் இல்ல.

கார்டு தொலைஞ்சு போச்சுன்னா ஆன்லைன்ல 2 டாலர் கட்டினா வேற ஒண்ணு வீட்டுக்கு வந்துடும். அதைவிட முக்கியமா அட்ரஸைப் பாருங்க. வீடு மாறின 30 நாளுக்குள்ள எஃப்ஏஏக்கு சொல்லணும், சொல்லலன்னா சொல்ற வரைக்கும் பறக்க உரிமை இல்லன்னு ரூல்லயே இருக்கு. நம்மளோ பதினஞ்சு வருஷத்துல அஞ்சு வீடு மாறியிருப்போம், ஒரு தடவை கூட இது ஞாபகம் வந்திருக்காது. அஞ்சு நிமிஷ வேலை, இன்னைக்கே முடிச்சுடுங்க.

இன்னொரு கூட்டம் இருக்கு, இந்தியாலயோ இங்கிலாந்துலயோ லைசென்ஸ் எடுத்துட்டு அதைக் காட்டி இங்க எஃப்ஏஏ கார்டு வாங்கினவங்க. உங்க கார்டுலயே அந்த வெளிநாட்டு லைசென்ஸ் நம்பர் போட்டிருக்கும். அந்த மூல லைசென்ஸ் உயிரோட இருந்தாத்தான் இங்க குடுத்த கார்டுக்கும் உயிரு. நீங்க முதல்ல அந்த நாட்டுப் பக்கத்தை (இந்தியான்னா டிஜிசிஏ, அங்க விமானத் துறையைப் பாத்துக்கற அமைப்பு) சரி பண்ணணும், இல்லன்னா இங்க புதுசா தனி சர்டிஃபிகேட் எடுக்கணும். கீழ எழுதறதெல்லாம் நேரடியா எஃப்ஏஏ லைசென்ஸ் வெச்சிருக்கறவங்களுக்கு.

## எதை வெச்சு முடிவு பண்றது

எல்லாரும் காசுல இருந்து ஆரம்பிக்கறாங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், எக்செல்லெல்லாம் போட்டேன். ஆனா மூணு வழிக்கும் (எஃப்ஏஏ டாக்டர்கிட்ட எடுக்கற மூணாம் கிளாஸ் மெடிக்கல், சாதா டாக்டரே செக்கப் பண்ணக்கூடிய பேசிக்மெட், வெறும் டிரைவிங் லைசென்ஸ்) மெடிக்கல் செலவுல இருக்கற வித்தியாசம் கடைசில இருநூறு டாலருக்குள்ளதான் வரும், பெரிய செலவு பறக்கற மணி நேரத்துல இருக்கு, அது எந்த வழில போனாலும் ஒண்ணுதான். அதனால நான் பாக்கற வரிசை வேற.

முதல் கேள்வி, இந்த முடிவு தப்பாப் போச்சுன்னா திரும்பி வர முடியுமா? லேண்டிங் மோசமா இருந்தா இன்னும் நாலு மணி நேரம் பறந்து சரி பண்ணலாம். ஸ்கூல் பிடிக்கலன்னா வேற ஸ்கூல் போலாம். மெடிக்கல் அப்படி இல்ல. அதுல ஒரு தடவை மறுப்புக் கடிதம் வந்துட்டா மத்த ரெண்டு வழியும் சேந்து அடைபடும். விவரம் கீழ சொல்றேன்.

ரெண்டாவது, உங்க உடம்பு. அதாவது காகிதத்துல உங்க உடம்பு எப்படி இருக்கு. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, தூக்கத்துல மூச்சு நிக்குதுன்னு மாட்டிக்கற மெஷின், டிப்ரஷனுக்கு எப்பவோ சாப்பிட்ட மாத்திரை, எல்லாமே கணக்கு.

மூணாவது, யாரைக் கூட்டிட்டு எங்க போகப் போறீங்க. தனியா காலைல ஒரு சுத்து சுத்திட்டு வர்ற ஆளுக்கும், பொண்டாட்டி ரெண்டு பசங்களோட லேக் டாஹோ போகணும்னு நினைக்கற ஆளுக்கும் ஒரே விடை கிடையாது. காசும் நேரமும் அதுக்கப்புறம்தான்.

| | மூணாம் கிளாஸ் மெடிக்கல் | பேசிக்மெட் | டிரைவிங் லைசென்ஸ் (ஸ்போர்ட் பைலட் உரிமை) |
|---|---|---|---|
| செக்கப் யார்கிட்ட | எஃப்ஏஏ நியமிச்ச ஏஎம்ஈ டாக்டர் | ஸ்டேட் லைசென்ஸ் உள்ள டாக்டர் | செக்கப் கிடையாது |
| எவ்வளவு நாளுக்கு | 40 வயசுக்குள்ள 60 மாசம், தாண்டினா 24 மாசம் | செக்கப் 48 மாசம், ஆன்லைன் கோர்ஸ் 24 மாசம் | டிரைவிங் லைசென்ஸ் செல்லுபடி ஆகற வரை |
| கூட எத்தனை பேர் | விமானத்துல சீட் இருக்கற வரை | 6 பேர் வரை | ஒரே ஒருத்தர் |
| ராத்திரி | ஓகே | ஓகே | இதை மட்டும் வெச்சு முடியாது |
| உயரம் | மெடிக்கலால தடை இல்ல | 18,000 அடி | 10,000 அடி, இல்ல தரைக்கு மேல 2,000 அடி, எது அதிகமோ அது |
| நாட்டுக்கு வெளிய | பொதுவா பிரச்சனை இல்ல | அந்தந்த நாட்டுல கேக்கணும் | அந்தந்த நாட்டுல கேக்கணும் |
| முன்நிபந்தனை | ஒண்ணும் இல்ல | 2006 ஜூலை 14க்கு அப்புறம் எப்பவாவது மெடிக்கல் இருந்திருக்கணும், கடைசி விண்ணப்பம் மறுக்கப்பட்டிருக்கக் கூடாது | மெடிக்கலுக்கு கடைசியா போட்ட விண்ணப்பம் மறுக்கப்பட்டிருக்கக் கூடாது |

## மூணாம் கிளாஸ் மெடிக்கல்

இதுதான் பழைய வழி, நாம எல்லாரும் ஸ்டூடண்டா இருந்தப்ப எடுத்தது. மெட்எக்ஸ்பிரஸ்னு எஃப்ஏஏ சைட்ல 8500-8 ஃபார்மை நிரப்பிட்டு, வர்ற கன்ஃபர்மேஷன் நம்பரை எடுத்துட்டு ஏஎம்ஈகிட்ட போகணும். கண்ணு (கண்ணாடியோட 20/40 போதும்), காது, சிறுநீர், பிரஷர் பாப்பாங்க. பிரஷர் 155/95 வரைக்கும் விடுவாங்க, மாத்திரை போட்டு கட்டுப்பாட்டுல இருந்தா பெரும்பாலும் அங்கயே கையெழுத்து ஆயிடும். மூணாம் கிளாஸுக்கு ஈசிஜி கிடையாது. உடம்பு சுத்தமா இருக்கறவருக்கு அரை மணி நேர வேலை.

சிக்கல் அந்த ஃபார்ம்ல இருக்கு. 18வது கேள்வி "உன் வாழ்க்கைல எப்பவாவது இது வந்திருக்கா"ன்னு ஒரு நீளமான லிஸ்ட்டை நீட்டும். போன வருஷம்னு இல்ல, வாழ்க்கை முழுக்க. அடுத்தது போன மூணு வருஷத்துல பாத்த டாக்டர் எல்லாரையும் கேக்கும். இதுல பொய் எழுதறது ஃபெடரல் குற்றம், அதனால "விட்டுட்டா என்ன ஆகும்"னு என்கிட்ட யாரும் கேக்காதீங்க.

நம்ம ஊர்க்காரங்களுக்கு பெரிய தலைவலி சுகர். ரூல்படி இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கற வேற எந்த மருந்தோ எடுத்துக்கற டயாபடீஸ் இருந்தா நேரா மெடிக்கல் கிடைக்காது, ஸ்பெஷல் இஷ்யுவன்ஸ்னு ஒரு தனி வழில போகணும். கிடைக்காதுன்னு இல்ல, நிறைய பேர் வாங்கியிருக்காங்க. ஆனா ரிப்போர்ட், கடிதம், காத்திருப்பு, அப்புறம் திரும்பத் திரும்ப புதுப்பிக்கறது.

என் நண்பர் ஒருத்தர், அம்பது தாண்டினவர், மெட்ஃபார்மின் சாப்பிடறவர். யார்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்காம ஃபார்ம் போட்டு ஏஎம்ஈகிட்ட போயிட்டார். அந்த டாக்டர் கையெழுத்துப் போடல, டிஃபர் பண்ணி, அதாவது முடிவை எஃப்ஏஏகிட்டயே விட்டு, ஓக்லஹோமா சிட்டில இருக்கற அவங்க மெடிக்கல் ஆபீஸுக்கு அனுப்பிட்டார். அங்க இருந்து இந்த இந்த ரெக்கார்டு வேணும்னு கடிதம் வந்தப்ப இவர் ஊர்ல இருக்கார், அம்மாவுக்கு ஐசியூ, ரெண்டு மாசம் அங்கயே. திரும்பி வந்து தபால் பெட்டியைத் திறந்தா முதல் கடிதத்துக்கு மேல ரெண்டாவது கடிதம் உக்காந்திருக்கு, கேட்டது வரல அதனால மறுக்கறோம்னு. அவர் உடம்புல புதுசா ஒண்ணும் வரல. ஒரு கவர் நேரத்துக்குப் போய்ச் சேரல, அவ்வளவுதான். ஆனா கடைசி விண்ணப்பம் மறுக்கப்பட்டதுன்னு பதிவாயிடுச்சு, அதோட பேசிக்மெட்டும் போச்சு, டிரைவிங் லைசென்ஸ் வழியும் போச்சு. இப்ப அவர் ஸ்பெஷல் இஷ்யுவன்ஸுக்கு ஃபைல் சேத்துட்டு இருக்கார், அது ஒரு தடவை கிடைச்சுட்டா மறுபடி பேசிக்மெட்டுக்குத் தாவிடலாம். வயித்தெரிச்சல் என்னன்னா, அவர் முதல்லயே பேசிக்மெட் பக்கம் போயிருந்தா இந்த எதுவுமே நடந்திருக்காது, ஏன்னா அங்க சுகர் மாத்திரைக்கு எஃப்ஏஏகிட்ட தனி அனுமதி வாங்க வேண்டியதே இல்ல.

அதனால உடம்புல எதாவது சந்தேகம் இருந்தா ஏஎம்ஈகிட்ட "இது வெறும் ஆலோசனை, எக்ஸாம் இல்ல"ன்னு தெளிவா சொல்லிட்டு ஃபீஸ் குடுத்து பேசுங்க. அந்த கன்ஃபர்மேஷன் நம்பரை மட்டும் குடுத்துடாதீங்க. அவர் அதைப் போட்டு ஃபார்மைத் திறந்துட்டார்னா அது உண்மையான விண்ணப்பம், முடிவு தெரியாம நடுவுல எழுந்து வர முடியாது.

யாருக்கு இது சரி? 40 வயசுக்குள்ள, எந்த மாத்திரையும் இல்லாத ஆளுக்கு கண்ணை மூடிட்டு இதுதான், அஞ்சு வருஷத்துக்குக் கவலை இல்ல. எல்லை தாண்டி பறக்க ஆசைப்படறவங்களுக்கும் இதுதான் தொல்லை இல்லாதது. பின்னாடி கமர்ஷியல் பைலட்டா காசு வாங்கிப் பறக்கணும்னா ரெண்டாம் கிளாஸே வேணும், அப்ப எப்படியும் ஏஎம்ஈ வாசல்தான். அப்புறம், 2006 ஜூலைக்கு முன்னாடியே மெடிக்கல் காலாவதி ஆனவங்க. பேசிக்மெட்டுக்குப் போகவே ஒரு தடவை இந்த வழியா வந்துதான் ஆகணும்.

## பேசிக்மெட்

நான் எடுத்தது இது. 2016ல காங்கிரஸ் சட்டம் போட்டு 2017 மே 1ல இருந்து நடைமுறைக்கு வந்தது, நாம பறக்காம இருந்த காலத்துல வந்ததால பல பேருக்குத் தெரியறதே இல்ல. முதல்ல ஆறு சீட்டு, 6,000 பவுண்டுன்னு இருந்தது, 2024 சட்டத்துல அதை ஏழு சீட்டு, 12,500 பவுண்டுன்னு ஏத்திட்டாங்க, வேகம் 250 நாட் வரைக்கும். வாடகை செசனா 172 ஓட்டற நமக்கு இந்த எல்லையெல்லாம் பக்கத்துல கூட வராது.

வேலை மூணு படி. எஃப்ஏஏ குடுக்கற செக்லிஸ்ட்ல உங்க பாகத்தை நிரப்பறது, டாக்டர்கிட்ட போய் செக்கப் பண்ணி அவர் கையெழுத்து வாங்கறது, அப்புறம் ஆன்லைன்ல ஒரு கோர்ஸ் பாத்து டெஸ்ட் எழுதறது. ஏஓபிஏங்கற பைலட் சங்கம் நடத்தற கோர்ஸ் இலவசம். கோர்ஸ் முடியற இடத்துல டாக்டர் பேரு, லைசென்ஸ் நம்பர் கேக்கும், அதனால டாக்டர் முதல்ல, கோர்ஸ் அப்புறம். டாக்டர் நிரப்பின செக்லிஸ்ட் எஃப்ஏஏக்குப் போகாது, நீங்கதான் பத்திரமா வெச்சிருக்கணும்.

படிக்கறப்ப சுலபமா இருக்குல்ல? எனக்கு இழுத்தடிச்சது கையெழுத்து. பத்து வருஷமா என்னைப் பாக்கற குடும்ப டாக்டர், அந்தம்மாவுக்கு என் பிரஷர் மாத்திரை முதல் எல்லாம் தெரியும், ஃபார்மைப் பாத்ததும் "எங்க குரூப்ல லீகல் ஆளுங்க இதுல கையெழுத்துப் போட விடமாட்டாங்க"ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. ரெண்டாவது இடத்துல ரிசப்ஷன்லயே அப்படி ஒரு ஃபார்ம் கேள்விப்பட்டதே இல்லன்னு அனுப்பிட்டாங்க. கடைசில ஒரு ஏஎம்ஈகிட்டயேதான் போனேன், அவங்களும் டாக்டர்தான், பேசிக்மெட் செக்கப் தாராளமா பண்றாங்க, எனக்கு 175 டாலர் ஆச்சு. போன் பண்ணும்போதே "பேசிக்மெட்டுக்கு மட்டும், எஃப்ஏஏ மெடிக்கல் இல்ல"ன்னு ரெண்டு தடவை சொன்னேன், உள்ள போய் உக்காந்தப்ப மூணாவது தடவையும் சொன்னேன், அவர் சிரிச்சார்.

எந்த வியாதியா இருந்தாலும் பேசிக்மெட் போதும்னு நினைச்சுடாதீங்க. ஹார்ட் அட்டாக், வால்வு மாத்தினது, வலிப்பு, காரணம் தெரியாத மயக்கம், பைபோலார், போதைப் பழக்கம் மாதிரி ஒரு லிஸ்ட் இருக்கு, அதுல ஒண்ணு இருந்தா முதல்ல ஒரே ஒரு தடவையாவது எஃப்ஏஏகிட்ட ஸ்பெஷல் இஷ்யுவன்ஸ் வாங்கிட்டுத்தான் இங்க வரணும். அப்புறம் செல்லுபடி ஆகற டிரைவிங் லைசென்ஸ் கையில இருக்கணும், அதுல கண்ணாடி போடணும்னு எழுதியிருந்தா பறக்கும்போதும் போட்டுக்கணும்.

இன்னொரு மறைஞ்ச செலவு, சில இடத்துல விமானம் வாடகைக்கு விடறவங்களோட இன்சூரன்ஸ் இன்னும் மெடிக்கல் கார்டுதான் கேக்கும். எங்க பக்கம் நாலு இடத்துல விசாரிச்சேன், மூணு இடத்துல பேசிக்மெட் பிரச்சனை இல்லன்னாங்க. டாக்டருக்குக் காசு கட்டறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

நாப்பது தாண்டி, பிரஷரோ சுகரோ மாத்திரைல கட்டுக்குள்ள இருந்து, குடும்பத்தோட நாட்டுக்குள்ள பறக்கணும்னா என்னைக் கேட்டா இதுதான், ரெண்டாவது யோசனையே வேண்டாம்.

## டிரைவிங் லைசென்ஸ் வழி

ஸ்போர்ட் பைலட் உரிமை 2004ல இருந்தே இருக்கு, ஆனா அப்ப 1,320 பவுண்டுக்குள்ள ரெண்டு சீட்டு குட்டி விமானம் மட்டும்தான், அது வாடகைக்குக் கிடைக்கறதே குதிரைக்கொம்பு. 2025 ஜூலைல ஆஷ்காஷ் விமானத் திருவிழால மொசைக்னு புது ரூலை அறிவிச்சாங்க, அக்டோபர் 22ல இருந்து பைலட் பகுதி அமலுக்கு வந்துடுச்சு. இப்ப எடையைப் பாக்கறதில்ல, ஸ்டால் ஸ்பீடைப் (அதுக்குக் கீழ போனா இறக்கை தாங்காத வேகம்) பாக்கறாங்க. ஃப்ளாப் (இறக்கைக்குப் பின்னாடி மடங்கற பலகை) இறக்காம 59 நாட் வேகத்துக்குள்ள ஸ்டால் ஆகற, நாலு சீட்டு வரைக்கும் உள்ள விமானம் ஓகே. நாம படிச்ச அதே செசனா 172, பைப்பர் செரோக்கி எல்லாம் இதுல வந்துடும். பிரைவேட் பைலட் சர்டிஃபிகேட் இருக்கறவங்க புதுசா எந்த சர்டிஃபிகேட்டும் எடுக்க வேண்டாம், ஃப்ளைட் ரிவ்யூ முடிச்சுட்டு ஸ்போர்ட் பைலட் எல்லைக்குள்ள பறந்தா போதும்.

நாலு சீட்டு இருக்கும், ஆனா ஒருத்தரைத்தான் ஏத்தலாம். பின்னாடி சீட்டு பை, பெட்டி வைக்கத்தான். பகல்ல மட்டும். ராத்திரிக்கு தனி டிரெயினிங், எண்டார்ஸ்மெண்ட் (லாக்புக்ல இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்து) எல்லாம் வாங்கி அது மேல பேசிக்மெட்டோ மெடிக்கலோ வேற வேணும், அப்ப அதையே எடுத்துட்டுப் போலாமே.

செக்கப் இல்லங்கறதால உடம்பைப் பத்தி யோசிக்கவே வேண்டாம்னு அர்த்தம் இல்ல. பறக்கறதுக்கு ஆபத்தான ஒண்ணு உங்களுக்கு இருக்குன்னு உங்களுக்கே தெரிஞ்சா ரூல்படியே பறக்கக் கூடாது. மறுப்புக் கடிதம் வாங்கினவங்களுக்கு இந்த வழி இல்லன்னு மேலயே சொல்லிட்டேன். புது ரூல்ங்கறதால வாடகை இடங்கள்ல இன்சூரன்ஸ்காரங்க இன்னும் தயங்கறாங்க, நான் கேட்ட அதே நாலு இடத்துல ஒருத்தர்தான் சரின்னார்.

ஒரே ஒரு தோழரோட, இல்ல வீட்டுக்காரரோட மட்டும் ஞாயித்துக்கிழமை காலைல பறக்கப் போறீங்க, டாக்டர் கையெழுத்துக்கு அலைய மனசில்ல, கடைசி மெடிக்கல் ஒழுங்கா கிடைச்சு தானா காலாவதி ஆனது, சொந்தமாவோ பங்காவோ விமானம் இருக்கு. இப்படி இருக்கறவங்களுக்கு இது அருமையான வழி. மூணு வழியும் அடைபட்டவருக்கு கிளைடர் இருக்கு, அதுக்கு மெடிக்கலே வேண்டாம், எங்க பக்கம்னா ஹாலிஸ்டர், பைரன். என் நண்பர் இப்ப அங்கதான் மூக்கை நுழைச்சிருக்கார். வேடிக்கை என்னன்னா கிளைடர் செக்ரைட் பாஸ் பண்ணினா அதுவே ஏரோபிளேனுக்கும் சேத்து ஃப்ளைட் ரிவ்யூ கணக்குல வந்துடும்.

## ஃப்ளைட் ரிவ்யூ எங்க பண்றது: ஸ்கூலா, கிளப்பா

எந்த மெடிக்கலா இருந்தாலும் இது பொது. ரூல்ல இருக்கறது ஒரு மணி நேரம் தரைல, ஒரு மணி நேரம் மேல. அதை நம்பி அந்த ரெண்டு மணி நேரத்துக்கான காசோட மட்டும் போயிடாதீங்க, அது குறைஞ்சபட்சம். பாஸ் ஃபெயில் கிடையாது, இன்ஸ்ட்ரக்டருக்குத் திருப்தி வர்ற வரைக்கும் டிரெயினிங்னு லாக்புக்ல எழுதிட்டே போவார், திருப்தி வந்ததும் எண்டார்ஸ்மெண்ட் போடுவார்.

எனக்கு ஆனது 11.3 மணி நேரம், தரைப்பாடம் 7 மணி நேரம். விமானம் பெட்ரோலோட மணிக்கு 195, இன்ஸ்ட்ரக்டர் 90, மொத்தம் 3,850 டாலர் பக்கம்.

முதல் நாள் இறக்கைக்கு அடில பெட்ரோல் சாம்பிள் எடுத்து வெளிச்சத்துல தூக்கிப் பாக்கறேன், நீலமே இல்ல, தண்ணி கலந்துடுச்சோன்னு பயந்துட்டேன். ஈயம் கலந்த நீல 100எல்எல்லை சாந்தா கிளாரா கவுண்டி 2022 ஜனவரியோட நிறுத்திடுச்சு, எனக்கெங்க தெரியும். அப்புறம் ரன்வே 31 ரைட் முன்னாடி நிக்கறோம், டவர் "லைன் அப் அண்ட் வெயிட்"னு சொல்றார், நான் பிரேக்கை அழுத்திட்டு அப்படியே உக்காந்திருக்கேன். எனக்குச் சொல்லிக்குடுத்தப்ப அதுக்குப் பேரு "பொசிஷன் அண்ட் ஹோல்ட்". 2010 செப்டம்பர் 30ல மாத்தினாங்க, நான் ஜூலைல நிறுத்தினவன். இன்ஸ்ட்ரக்டர் மெதுவா "ரன்வேல ஏறி நில்லுங்க"ன்னார், பின்னாடி மூணு விமானம் வரிசைல. ஏடிஎஸ்-பி (விமானம் தான் எங்க இருக்குன்னு தானா அறிவிக்கற கருவி), ஐபேட்ல மேப், புது ஃப்ளைட் பிளான் ஃபார்ம்னு இன்னும் ஒரு மூட்டை இருக்கு, ஆனா அதெல்லாம் வீட்ல உக்காந்து படிச்சுடலாம்.

கை மறக்கல, கண்ணுதான் மறந்துடுச்சு. ஸ்டால், ஸ்டீப் டர்ன் எல்லாம் ரெண்டாவது நாளே வந்துடுச்சு, லேண்டிங் மட்டும் வரல. ஆறு அடி இருக்கும்போதே தரை வந்துடுச்சுன்னு விமானத்தோட மூக்கைத் தூக்கிடுவேன், அது அந்தரத்துல யோசிச்சுட்டு பொத்துன்னு இறங்கும். ரன்வேயோட கடைசி முனையைப் பாருங்கன்னு இன்ஸ்ட்ரக்டர் முப்பது தடவை சொல்லியிருப்பார். அந்த ஒண்ணுக்கு மட்டும் நாலு மணி நேரம் போச்சு.

ஸ்கூல்ல நல்லது, உடனே ஆரம்பிக்கலாம், சேர கட்டணம் இல்ல. கெட்டது, அங்க இன்ஸ்ட்ரக்டர் பல பேர் ஏர்லைனுக்குப் போக மணி நேரம் சேக்கற இருபத்தஞ்சு வயசுப் பசங்க, திறமைசாலிங்கதான், ஆனா என் முதல் ஆளு மூணாவது கிளாஸ் முடிஞ்சதும் வேலை கிடைச்சுப் போயிட்டார், அடுத்தவர் முதல்ல இருந்து பாக்கணும்னு ரெண்டு மணி நேரம் எடுத்துக்கிட்டார், அதுக்கும் நான்தான் காசு. இன்னொண்ணு மீட்டர். ஸ்கூல்ல ஹாப்ஸ் மீட்டர் கணக்கு, என்ஜின் ஓட ஆரம்பிச்சதுல இருந்து ஓடும், டாக்ஸிவேல பதினஞ்சு நிமிஷம் நின்னாலும் காசு. சில கிளப்ல டாக் மீட்டர் கணக்கு, என்ஜின் மெதுவா சுத்தினா அதுவும் மெதுவாத்தான் ஓடும். மாசத்துக்கு மூணு நாலு மணி நேரம் பறக்கறவருக்கு இந்த வித்தியாசமே கிளப் சந்தாவைக் கட்டிடும், அதுக்குக் கீழ பறக்கறவருக்கு சந்தா தண்டம். எண்டார்ஸ்மெண்ட் வர்ற வரைக்கும் ஸ்கூல், அப்புறம் உண்மையிலயே எவ்வளவு பறக்கறோம்னு மூணு மாசம் பாத்துட்டு கிளப்னு நான் போனேன். ரெண்டு இடத்துலயும் வாடகை பைலட்டுக்கான தனி இன்சூரன்ஸ் எடுத்துக்கோங்க, அவங்க இன்சூரன்ஸ் அவங்க விமானத்தைக் காப்பாத்தும், உங்களை இல்ல.

எண்டார்ஸ்மெண்ட் வந்த அன்னைக்கே குடும்பத்தை ஏத்தலாமான்னு கேட்டா, 90 நாளுக்குள்ள மூணு டேக்ஆஃப், மூணு லேண்டிங் இருக்கணும், டிரெயினிங்ல கண்ட்ரோல் உங்க கையில இருந்து போட்டதும் அந்தக் கணக்குல வரும், அதனால சட்டப்படி ஏத்தலாம். நான் ஏத்தல. மறுநாள் தனியா சான் மார்ட்டின் போனேன், டவர் இல்லாத ஊர், யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க. முதல் ரெண்டு லேண்டிங்கைப் பத்தி எழுத ஒண்ணும் இல்ல. மூணாவதுல டயர் தரையைத் தொட்டதே சத்தம் வந்தப்புறம்தான் தெரிஞ்சது. மறு சனிக்கிழமை வீட்டம்மாவை முன் சீட்லயும் பையனைப் பின்னாடியும் உக்கார வெச்சு ஹாஃப் மூன் பே போய் மீன் சாப்பிட்டுட்டு வந்தோம். டிரைவிங் லைசென்ஸ் வழில போயிருந்தா பையன் அன்னைக்கு வீட்லதான்.